பஞ்சப்பூரில் கட்டும்போது துவாக்குடியையும் பாருங்கள்

தமிழ்நாடு அரசின் தொழில் துறைக்கும், தகவல் தொழில்நுட்பத் துறைக்கும், டைடல் பார்க், எல்காட் நிறுவனங்களின் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

2025 பிப்ரவரியில் திருச்சி பஞ்சப்பூரில் டைடல் பார்க்குக்கு அடிக்கல் நாட்டினீர்கள். 403 கோடி ரூபாய்த் திட்டம், ஐந்தரை லட்சம் சதுர அடிக்கு மேல் இடம். அதற்குச் சில மாதம் முன்பு, 2024 செப்டம்பரில், ஜேபில் என்ற அமெரிக்க மின்னணு நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2,000 கோடி ரூபாயில் திருச்சியில் ஆலை, 5,000 பேருக்கு வேலை என்று அறிவித்தீர்கள். நவல்பட்டில் எல்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் இரண்டாவது கட்டடமும் எழுந்துவிட்டது. எங்கள் ஊருக்கு இவ்வளவு கவனம் கிடைத்து ரொம்ப காலம் ஆகிறது. மனதார நன்றி சொல்லிவிட்டுத்தான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். தென்மேற்கே பஞ்சப்பூரில் எழும்பும் கண்ணாடிக் கட்டடத்துக்கும், கிழக்கே துவாக்குடியில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் சிறுதொழில் ஷெட்டுகளுக்கும் ஒரு தொடர்பு வேண்டும். அதை உங்கள் திட்டத்திலேயே, சலுகை விதிகளிலேயே எழுதி வையுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடக்காது.

திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகளில் வெல்டிங் தர ஆய்வாளராகக் காலமெல்லாம் வேலை பார்த்தவன் நான். கொதிகலன் குழாய்களின் ஜாயின்ட்டுகளை எக்ஸ்ரே எடுத்து, அந்த ஃபிலிமைப் படித்து, தேறுமா தேறாதா என்று எழுதுவது என் தொழில். அந்த இடத்திலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருச்சி தொழில் நகரமானதற்குப் பின்னால் அரசின் கை இருந்தது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் வெள்ளைக்காரன் காலத்தது. அதை விட்டுவிடுவோம். காமராசர் ஆட்சியில், ஆர். வெங்கடராமன் தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், செக்கோஸ்லோவாகியா உதவியோடு திருவெறும்பூருக்குக் கொதிகலன் ஆலை, இன்றைய பெல் (பி.எச்.இ.எல்.), வந்தது. 1965-ல் உற்பத்தி தொடங்கியது. அதற்கு முந்தின வருடம் மண்டலப் பொறியியல் கல்லூரி, இன்றைய என்.ஐ.டி. 1966-ல் துப்பாக்கித் தொழிற்சாலை. 1975-ல் பெல் நிறுவனமே வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தை இங்கே தொடங்கியது. பக்கத்தில் ஐ.டி.ஐ., ஊழியர்களுக்குக் கைலாசபுரம் குடியிருப்பு, துணைத் தொழில்களுக்குத் துவாக்குடியில் அரசின் சிறுதொழில் நிறுவனமான சிட்கோவின் பேட்டை. ஆலை, அதற்கு வேண்டிய ஆள், ஆளைப் பயிற்றும் பள்ளி, ஆலைக்கு வேலை செய்துகொடுக்கும் சின்ன யூனிட் என்று எல்லாம் ஒரே சாலையோரத்தில் பத்துப் பதினைந்து வருடத்துக்குள் வந்து சேர்ந்தன. அதனால்தான் அது வேர் பிடித்தது. இன்றைய திட்டங்களில் அந்தச் சேர்மானத்தைத்தான் நான் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

விழுந்த கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதே குழியில் புதிய முயற்சியும் விழுந்துவிடக் கூடாது. துவாக்குடி யூனிட்டுகளில் பெரும்பாலானவை ஒரே வாடிக்கையாளரை நம்பி நின்றவை. இரும்பு அவர்களிடமிருந்தே வரும். நாங்கள் வெட்டி, வளைத்து, பற்றவைத்துக் கொடுப்போம். டன்னுக்கு இவ்வளவு என்று கூலி. சொந்த டிசைன் கிடையாது, சொந்த மார்க்கெட்டிங் கிடையாது. ஆர்டர் இருக்கும்வரை இது ராஜ வாழ்க்கைதான். 2012-க்குப் பிறகு நாடு முழுக்க அனல் மின் நிலைய ஆர்டர்கள் சரிந்தன. நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகள் சிக்கலாகி, 2014-ல் உச்ச நீதிமன்றம் 214 ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. சீனாவிலிருந்து கொதிகலன்கள் வந்தன. சூரிய மின்சாரம் மலிவானது. டெல்லியிலும் பெய்ஜிங்கிலும் நடந்ததற்குத் துவாக்குடியில் ஷட்டர் இறங்கியது.

நான் கடைசியாக இருந்த யூனிட்டில் மூன்று ஷிப்ட் ஓடிய காலம் உண்டு. அது ஒரு ஷிப்ட் ஆயிற்று. அப்புறம் வாரத்தில் நாலு நாள். முடித்துக் கொடுத்த வேலைக்கு ஒரு பெரிய நிறுவனத்திடமிருந்து பணம் வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும், வங்கி வட்டி அதுவரை காத்திருக்காது. சிறுதொழிலுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் இருக்கிறது. கேஸ் போட்டால் அடுத்த ஆர்டர் கிடைக்காது என்ற பயத்தில் முதலாளி போடவில்லை. கடைசியில் ஓவர்ஹெட் கிரேனைக் கழற்றி விற்றார். கிரேன் போய்விட்டால் அந்த ஷெட் வெறும் கோடவுன்தான். என்னோடு வேலை பார்த்த நல்ல வெல்டர்கள், எந்தக் கோணத்தில் குழாயைக் கொடுத்தாலும் ஒரே மூச்சில் ரூட், அதாவது ஜாயின்ட்டின் அடியில் போடும் முதல் பற்றவைப்பை, ஓட்டக்கூடியவர்கள், கத்தாருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். சமீப வருடங்களில் அனல் மின் ஆர்டர்கள் மறுபடி வரத் தொடங்கியிருக்கின்றன. ஆனால் போனவர்கள் திரும்பவில்லை.

ஆகவே தொழில்நுட்ப நிறுவனங்களை அழைக்கும்போது, ஒரு பெரிய பெயரைப் பிடித்துவிட்டால் ஊர் பிழைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியபோது நாடே அதைப் பார்த்து வியந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள், கிராமத்திலிருந்து வந்த முதல் தலைமுறைச் சம்பளக்காரர்கள், அங்கே வேலை செய்தார்கள். 2014 நவம்பர் 1-ம் தேதி ஆலை நின்றது. ஸ்ரீபெரும்புதூருக்குச் சென்னை பக்கத்தில் இருந்தது, மற்ற ஆலைகள் இருந்தன, சமாளித்தது. திருச்சிக்கு அந்த வசதி இல்லை. ஜேபில் வரட்டும், சீக்கிரம் வரட்டும். ஆனால் அந்த ஆலைக்கு வேண்டிய ஜிக், ஃபிக்ஸ்சர் (வேலை செய்யும்போது பொருளைப் பிடித்து நிறுத்தும் சாதனங்கள்), ஷீட் மெட்டல் பெட்டி, டூலிங் இவற்றில் எவ்வளவு திருச்சி யூனிட்டுகளிடமிருந்து வாங்கப்படும் என்ற பேச்சு, நிலம் கொடுக்கும் மேசையிலேயே நடக்க வேண்டும். அதே யூனிட்டுகள் நல்ல மெஷினும் தரச் சான்றிதழும் பெறக் கடன் உதவி இப்போதே தொடங்க வேண்டும். ஆலை திறந்தபிறகு போய் நின்றால், எல்லாம் ஏற்கெனவே வேறு ஊரில் முடிவாகியிருக்கும்.

இனி மென்பொருள் பக்கம். திருச்சியை நீங்கள் நிறுவனங்களிடம் எப்படி அறிமுகப்படுத்துகிறீர்கள்? பேச்சுகளிலும் விளம்பரங்களிலும் நான் பார்த்தவரை, வாடகை குறைவு, வேலையை விட்டு ஓடாத பிள்ளைகள், நல்ல கல்லூரிகள், விமான நிலையம் என்றுதான் சொல்கிறீர்கள். எல்லாம் உண்மை. ஆனால் இதையே சேலமும் சொல்லும், மதுரையும் சொல்லும், விழுப்புரமும் சொல்லும். வாடகைக்காக வருகிறவர் இன்னும் குறைந்த வாடகைக்குப் போய்விடுவார். வேறு எந்த ஊரும் சொல்ல முடியாத ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன்.

ஒரு கொதிகலனில் ஆயிரக்கணக்கான குழாய் ஜாயின்ட்டுகள் இருக்கும். ஒவ்வொரு ஜாயின்ட்டின் பக்கத்திலும் அதைப் பற்றவைத்தவரின் எண்ணைக் குத்தியிருப்போம். இரவில் ஆட்கள் போனபின், கயிறு கட்டி, விளக்கு வைத்து, இரிடியம் என்ற கதிரியக்க மூலத்தை வெளியே எடுத்து, காமா கதிரால் படம் எடுப்பார்கள். காலையில் இருட்டறையில் வியூவர் வெளிச்சத்தில் அந்த ஃபிலிம்களை நான் ஒவ்வொன்றாகப் படிப்பேன். பற்றவைத்த இடம் வெளிறிய பட்டையாகத் தெரியும், அதற்குள் ஊசிமுனை அளவு கருப்புப் புள்ளி இருந்தால் காற்றுக் குமிழ். கோணல்மாணலான கறை என்றால் கசடு. ஓரத்தில் நேர்கோடாக மெலிந்த நிழல் தெரிந்தால் உலோகம் ஒட்டவே இல்லை என்று அர்த்தம், அதுதான் ஆபத்து. ஃபிலிமில் விழுந்த கீறலும் அதே மாதிரிதான் தெரியும். சாய்த்துப் பிடித்து, மேல்பரப்பில் ஒளி எப்படி விழுகிறது என்று பார்த்தால்தான் எது கீறல், எது குறை என்று பிரியும். பிறகு ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் தவறவிட்ட ஒரு நிழல் எங்கோ ஒரு மின் நிலையத்தில், உயர் அழுத்த நீராவியாக ஒருவர் முகத்துக்கு நேரே வெடிக்கலாம். அந்த நினைப்போடுதான் ஒவ்வொரு கையெழுத்தும்.

இந்த ஃபிலிம்களும், ஜாயின்ட் வாரியாக எழுதிய தீர்ப்புகளும், வெல்டிங் வரைபடங்களும், ஹீட் ட்ரீட்மென்ட் சார்ட்டுகளும் திருச்சியில் அறை அறையாக, அட்டைப் பெட்டிகளில் கிடக்கின்றன. கணினிக்குப் படங்களைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் வேலை உலகம் முழுக்க நடக்கிறது. அதற்கு வேண்டியது, படமும் பக்கத்தில் அனுபவசாலி எழுதிய தீர்ப்பும். இரண்டும் இவ்வளவு சேர்ந்து கிடக்கும் ஊர் இந்தியாவில் எத்தனை இருக்க முடியும்? வாடிக்கையாளர்களிடம் அனுமதி வாங்க வேண்டும், பாதுகாப்புத் துறை வேலை என்றால் தொடவே கூடாது, அதெல்லாம் உண்டு. ஆனாலும் இதைச் செய்ய ஒரு நிறுவனம் தொடங்கினால், அது திருச்சியில்தான் தொடங்க முடியும். எனக்குத் தெரிந்த துறையில் இது ஒன்று. கொதிகலன் டிசைன், மின் நிலையப் பராமரிப்பு, வெல்டிங் ரோபோ, ரயில் பெட்டிப் பழுது கண்டறிதல் என்று மற்றவர்கள் பட்டியலை நீட்டுவார்கள். பொன்மலையில் நீலகிரி மலை ரயிலுக்கு இன்றைக்கும் நீராவி இன்ஜின் செய்யும் கைகள் இருக்கின்றன என்பதை யாராவது உங்கள் விளக்கப் படங்களில் சேர்த்திருக்கிறார்களா?

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் உருக்காலைகளை இழந்த ஊர். இன்றைக்கு ரோபோ தொழிலுக்கு அது பெயர் பெற்றிருக்கிறது. அங்கே கார்னகி மெலன் பல்கலைக்கழகம் ரோபாட்டிக்ஸ் ஆய்வு நிலையத்தை 1979-லேயே தொடங்கிவிட்டது, நிறுவனங்கள் வந்தது வெகு காலம் கழித்து. அவ்வளவு தூரம் போவானேன், கோவையைப் பாருங்கள். மில்கள் மூடினாலும் பம்ப், மோட்டார், ஃபவுண்டரி தெரிந்த கைகள் இருந்தன. பாஷ் மாதிரி வாகனத் தொழில் சார்ந்த நிறுவனம் அங்கே மென்பொருள் மையம் நடத்துவது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. திருச்சியில் என்.ஐ.டி., ஐ.ஐ.ஐ.டி., வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் மூன்றும் இருக்கின்றன. 2019 ஜனவரியில் ராணுவத் தளவாட உற்பத்திக்கான பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தைத் தொடங்கிவைத்ததும் இதே ஊரில்தான். இவை ஒன்றோடொன்று பேச ஒரு மேசை இல்லை. பஞ்சப்பூர்க் கட்டடத்தில் ஒரு தளத்தை அந்த மேசைக்காக ஒதுக்குங்கள். வாடகை இல்லாமல் முதல் மூன்று வருடம். துவாக்குடி யூனிட் ஒன்றோடு சேர்ந்து ஒரு சிக்கலைத் தீர்க்கும் சின்ன நிறுவனங்களுக்கு மட்டும்.

நவல்பட்டு அனுபவத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2010-ல் திறந்த பூங்கா. முதல் சில வருடங்கள் வண்டி நிறுத்துமிடத்தில் புல்தான் இருந்தது. பிறகு நிரப்பியவை பெரும்பாலும் நடுத்தர நிறுவனங்கள்தான், பத்திரிகைத் தலைப்பில் வரும் பெயர்கள் அல்ல. இடம் போதாமல் அடுத்த கட்டடம் கட்ட வேண்டியதாயிற்று. ஆனால் அது சிறப்புப் பொருளாதார மண்டலம். ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு ஏற்ற விதிகள். துவாக்குடிக்கோ நாமக்கல் லாரித் தொழிலுக்கோ மென்பொருள் எழுதும் நாலு பேர் கம்பெனிக்கு அந்த விதிகளோடு மல்லுக்கட்ட முடியாது. அவர்கள் தில்லைநகர் மாடி வீடுகளில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். பஞ்சப்பூரில் அப்படி ஒரு பூட்டு வேண்டாம். பத்து நாற்காலி, இருபது நாற்காலி அளவில், மாத வாடகைக்கு, இணையமும் ஜெனரேட்டரும் சேர்த்து, உள்ளே போனால் அன்றே வேலை தொடங்கலாம் என்கிற மாதிரி இடம் கொடுங்கள்.

சம்பள மானியத்தையும் கொஞ்சம் பாருங்கள். 2024-25 பட்ஜெட்டில், பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் சொந்த வேலைக்காக இங்கே நடத்தும் திறன் மையங்களுக்கு, மாதம் 1 லட்சத்துக்கு மேல் சம்பளம் தரும் வேலைகளில் முதல் வருடம் 30%, அடுத்து 20%, பிறகு 10% அரசு ஏற்கும் என்று அறிவித்தீர்கள். நல்ல யோசனை. ஆனால் லட்ச ரூபாய் வரம்பு சென்னைக்குப் பொருந்துகிற அளவு. திருச்சியில் நாலைந்து வருட அனுபவம் உள்ள பொறியாளர்கள் பலர் அந்த வரம்புக்குக் கீழேதான் இருக்கிறார்கள். வெளி மாவட்டங்களுக்கு வரம்பை 50,000 ஆக்குங்கள். அதோடு, உள்ளூர் டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்தவர்களைப் பயிற்சி கொடுத்து எடுக்கும் நிறுவனத்துக்குச் சம்பளம் எவ்வளவு என்று பார்க்காமல் தனி உதவி கொடுங்கள். திருவெறும்பூர் ஐ.டி.ஐ.யில் வெல்டர் டிரேடு முடித்த பிள்ளைக்கு ரோபோ வெல்டிங் புரோகிராம் சொல்லிக்கொடுத்தால், அவன் கல்லூரிப் பையனை விடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வான். பற்றவைக்கும் வேகம் எப்போது கூட வேண்டும், எப்போது குறைய வேண்டும் என்பது ஏற்கெனவே அவன் கையில் இருக்கிறது.

சாலை, பஸ் விஷயம் சின்னதாகத் தெரியும், சின்னதில்லை. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை சர்வீஸ் ரோடு வேண்டும் என்று ஒரு தலைமுறையாகக் கேட்கிறோம். ஷிப்ட் முடிந்து டூ வீலரில் எதிர்த்திசையில் வந்து செத்தவர்களை எனக்குத் தெரியும். நவல்பட்டில் இரவு ஷிப்ட் முடியும் பெண்களுக்கு நம்பகமான டவுன் பஸ் வேண்டும். திருச்சியில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதி இருக்கிறது, திருவெறும்பூர்ப் பக்கம் இன்னொன்று வரட்டும். இவை இல்லாமல், பெண் பிள்ளைகளை உள்ளூரிலேயே வேலைக்கு அனுப்புங்கள் என்று பெற்றோரிடம் எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை இரவு பஞ்சப்பூர்ப் பேருந்து முனையத்தில் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஏறும் கூட்டத்தில் பாதிப் பேர் பொறியாளர்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயேதான் உங்கள் கட்டடம் வருகிறது.

கடைசியாக, கணக்கு. ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் எங்களுக்குத் தெரிகிற எண்ணிக்கை, அதன்பின் தெரிவதில்லை. திருச்சிக்கு என்று ஒரு பக்கம் தொடங்குங்கள். எந்த நிறுவனம், நிலம் கைமாறியதா, கட்டுமானம் எந்த நிலை, எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள், அதில் இந்த மாவட்டத்தவர் எத்தனை பேர், உள்ளூர் யூனிட்டுகளிடம் வாங்கிய பொருளின் மதிப்பு என்ன? மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். தாமதம் ஆனால் தாமதம் என்று எழுதுங்கள், காரணத்தோடு. தொழிற்பேட்டைக்காரர்களுக்குத் தாமதம் புதிதில்லை, புரிந்துகொள்வோம். தகவலே இல்லாமல் இருப்பதுதான் முதலீடு செய்ய நினைக்கும் சின்ன முதலாளியின் கையைக் கட்டிப்போடுகிறது. புது மெஷினுக்குக் கடன் வாங்கலாமா வேண்டாமா என்று அவர் எதை வைத்து முடிவு செய்வார்?

பஞ்சப்பூர்க் கட்டடத்துக்கு வாடகையும் ஒதுக்கீட்டு விதிகளும் எழுதி முடிப்பதற்கு முன்பு, துவாக்குடி சிட்கோவில் ஒரு வேலை நாளில் கூட்டம் போடுங்கள். டைடல், எல்காட் அதிகாரிகளோடு என்.ஐ.டி. பேராசிரியர்களும், வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தாரும், சிறுதொழில் சங்கத்தாரும், தில்லைநகர் மாடியில் மென்பொருள் எழுதும் இளைஞர்களும் வரட்டும். ஹோட்டல் அரங்கம் வேண்டாம், ஷெட்டிலேயே நடக்கட்டும். இரண்டு வாரம் முன்னதாகத் தேதியைச் சொல்லிவிட்டால் போதும். யூனிட்டுகளைத் திறந்துவைத்து, வியூவரைத் துடைத்து, பெட்டிகளிலிருந்து ஃபிலிம்களை எடுத்து மேசையில் வைப்பது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
திருவெறும்பூரிலிருந்து ஒரு வெல்டிங் தர ஆய்வாளர்